மூன்று நட்சத்திரத்துக்கு மேல் ஆடலாம்

மும்பையில் ஒரு கிளாஸ் பீர் குடிப்பதற்கும் சட்டப்படி பர்மிட் வேண்டும். வாரம் தவறாமல் குடிக்கிற மும்பைக்காரர்களில் பலருக்கே இது தெரியாது. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பெயரில் ‘பம்பாய்’ போய் ‘மகாராஷ்டிரா’ வந்ததோடு சரி. ஒரு நாள் பர்மிட்டுக்கு 5 ரூபாய், ஆயுள் பர்மிட்டுக்கு 1,000 ரூபாய் என்று கட்டணம் வைத்திருக்கிறார்கள். விஸ்கி, ரம் என்றால் 25 வயது ஆகியிருக்க வேண்டும். தெருவுக்குத் தெரு ‘பர்மிட் ரூம்’ என்று போர்டு தொங்குகிறது. ஆனால் மேசைக்கு வந்து “பர்மிட் எங்கே?” என்று கேட்கிற வெயிட்டரைத் தேடினாலும் கிடைக்காது. பார் முதலாளியே ஒரு நாள் பர்மிட்டுகளைக் கட்டாக வாங்கிவைத்து, விற்ற பாட்டிலுக்கு ஏற்பக் கணக்குக் காட்டிவிடுவார். ரெய்டு வரும் இரவில் மட்டும் அந்தச் சீட்டுக்கு உயிர் வந்துவிடும்.

மும்பையில் ஆட்சிக்கு வந்த கட்சிகளில் ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு சமயத்தில் அந்த நகரத்து இரவின்மேல் படையெடுத்திருக்கின்றன. காங்கிரஸ், சிவசேனா, பாரதிய ஜனதா, தேசியவாத காங்கிரஸ் என்று யாரும் விதிவிலக்கில்லை. கொடி மாறியது, காரணம் மாறியது. ஆனால் ஒவ்வொரு முறையும் சட்டத்தில் ஒரு கதவு மட்டும் திறந்தே விடப்பட்டது. அது காசுள்ளவர்கள் போய்வரும் கதவு.

முதல் பெரிய படையெடுப்பு 1950இல் வந்த முழு மதுவிலக்கு. அப்போது பம்பாய் மாகாணத்தின் உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாய். காந்தியவாதி, சொன்னதைச் செய்கிறவர், வளைந்துகொடுக்காதவர். சட்டத்தை எதிர்த்து எஃப். என். பல்சாரா என்பவர் போட்ட வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. சாராயம் கலந்த மருந்துக்கும் ஒப்பனைப் பொருளுக்கும் போட்ட தடையை மட்டும் நீக்கியது. ராணுவ மெஸ்ஸில் குடிக்கலாம் என்ற விலக்கும் செல்லும் என்றது. வெளிநாட்டுக்காரர் பர்மிட் வாங்கிக் குடிக்கலாம். குடித்தே தீரவேண்டிய உடல்நிலை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் உள்ளூர்க்காரருக்கும் பர்மிட் உண்டு. டாக்டரைத் தெரிந்தவர்களுக்கு அந்த நோய் எளிதாகவே வந்தது.

டாக்டரைத் தெரியாதவர்கள் எங்கே போனார்கள்? கிறித்தவக் குடியிருப்புகளில் கோவாக்காரப் பெண்கள் வீட்டின் முன்னறையில் இரண்டு பெஞ்சு போட்டு நடத்திய ‘ஆன்ட்டி’ வீடுகளுக்குப் போனார்கள். அவித்த கடலையோடு ஒரு கிளாஸ் நாட்டுச் சரக்கு. அதற்கும் வழியில்லாதவர்கள் தாராவிக்கும் ஆன்டாப் ஹில்லுக்கும் போனார்கள். சதுப்பு நிலத்து ஓரத்தில் டிரம் டிரம்மாகச் சாராயம் காய்ச்சிய அந்த வட்டாரத்தைக் கையில் வைத்திருந்தவரைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வரதராஜ முதலியார் என்ற வரதாபாய், தூத்துக்குடியிலிருந்து போய் விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கியவர் என்பார்கள். 1987இல் வந்த ‘நாயகன்’ அவருடைய வாழ்க்கையின் சாயலில் எடுக்கப்பட்டது. படம் பார்த்தவர்கள் அவர் நல்லவரா கெட்டவரா என்று இன்றுவரை பட்டிமன்றம் நடத்துகிறோம். அவருக்கு முதல் போட்டுக் கொடுத்தது மதுவிலக்குச் சட்டம் என்பதை மட்டும் அதிகம் பேசுவதில்லை. விற்கக் கூடாது என்று அரசு சொன்ன பொருளுக்கு ஊர் முழுக்க வாடிக்கையாளர் இருந்தால், அதை விற்கத் துணிந்தவன் பெரிய மனிதனாகத்தான் ஆவான்.

அந்த வறண்ட ஆண்டுகளில் மும்பை இரவு பாட்டில்லாமல் இல்லை. தாஜ் மகால் ஹோட்டலில் 1930களிலேயே லியோன் ஆபி, டெடி வெதர்ஃபோர்ட் போன்ற அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் வாசித்திருந்தார்கள். அவர்களைக் கேட்டு வளர்ந்த கோவா இசைக்கலைஞர்கள் மதுவிலக்குக் காலத்திலும் சர்ச்கேட் பக்கத்து ரெஸ்டாரண்டுகளில் வாசித்தார்கள். டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட் போன்றவர்கள் இரவில் ஹோட்டலிலும் பகலில் சி. ராமச்சந்திராவின் சினிமாப் பாட்டுப் பதிவிலுமாக இரட்டைப் பிழைப்பு நடத்தினார்கள். மேடையில் இருந்து சினிமாவுக்குப் போன அந்த இசை, பின்னால் ஒருநாள் சினிமாவில் இருந்து பார் மேடைக்குத் திரும்பி வந்தது. அதற்குள் மதுவிலக்கு 1960களிலும் 70களிலும் படிப்படியாகத் தளர்ந்து பர்மிட் ரூம்கள் முளைத்துவிட்டன.

1980களில் பர்மிட் ரூம்களுக்குள் போட்டி கடுமையாயிற்று. உடுப்பிப் பக்கத்து ஷெட்டிகள் நடத்திய பார்கள் நிறைய. கூட்டம் சேர்க்க ஒருவர் பெண் வெயிட்டர்களை வைத்தார், இன்னொருவர் ஆர்கெஸ்ட்ரா வைத்தார், மற்றொருவர் இந்திப் பாட்டுக்கு ஆடப் பெண்களை நிறுத்தினார். டான்ஸ் பார் பிறந்தது இப்படித்தான்.

உள்ளே போய் எதையோ எதிர்பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் போனார்கள். ஆடுகிறவர்கள் உடம்பு முழுக்க மூடிய காக்ரா சோளியிலோ ஜரிகைச் சேலையிலோ இருப்பார்கள். ஸ்பீக்கரில் அந்த வருடத்து ஹிட் பாட்டு ஓடும். வாடிக்கையாளர் கவுன்டரில் பெரிய நோட்டைக் கொடுத்துப் புதுப் பத்து ரூபாய்க் கட்டாக மாற்றிக்கொண்டு வருவார். பிடித்த பெண்ணின் தலைக்கு மேல் கட்டைப் பிடித்துக் கட்டைவிரலால் ஒவ்வொரு நோட்டாகத் தள்ளிவிட, அது மழையாகக் கொட்டும். தரையில் விழுந்ததைப் பொறுக்கித் தனித்தனியாகக் கணக்கு வைக்க ஒரு பையன் இருப்பான். விடியும்போது பாரும் பெண்ணும் பங்கு பிரித்துக்கொள்வார்கள். தொட அனுமதியில்லை. வீட்டு வேலை செய்து ஒரு மாதத்தில் ஈட்டுவதைக் கை ராசியான ஓரிரவில் ஈட்டிவிட முடியும் என்பதால், படிப்பும் முதலும் இல்லாத பெண்கள் நாடெங்கும் இருந்து வந்தார்கள். பேடியா, நட் போன்ற, பரம்பரையாக ஆடிப் பிழைத்த சாதிகளைச் சேர்ந்தவர்களும் அவர்களில் நிறைய. ஆட்சி பறிபோன சமஸ்தானங்களில் ஆட வழியில்லாமல் போன குடும்பங்களுக்கு மும்பை பார் ஒரு புது தர்பார்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. வயதுக்கு வராத பிள்ளைகளையும் மேடையேற்றிய பார்கள் இருந்தன, தரகர்கள் இருந்தார்கள், குடும்பமே உட்கார்ந்து சாப்பிட ஒரு பெண் மட்டும் ஆடிய கொடுமை இருந்தது. மதுர் பண்டார்க்கரின் ‘சாந்தினி பார்’ 2001இல் வந்தபோது தபுவின் முகத்தில் நாடே அதைப் பார்த்தது. ஆனால் பிள்ளைகளை ஆடவைப்பவனையும் தரகனையும் பிடிக்க அப்போதே சட்டம் இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டிய காவல் நிலையத்துக்குத்தான் மாதாமாதம் மாமூல் போய்க்கொண்டிருந்தது.

2005இல் ஆர். ஆர். பாட்டீல் வந்தார். தேசியவாத காங்கிரஸ்காரர், துணை முதல்வர், உள்துறையும் அவரிடம். சாங்லி மாவட்டத்துக் கிராமத்தில் ஏழ்மையில் வளர்ந்தவர், கை சுத்தமானவர் என்று எதிர்க்கட்சிகளும் ஒப்புக்கொண்ட ‘ஆபா’. கிராமச் சுகாதாரப் போட்டியை மாநிலம் முழுக்க இயக்கமாக நடத்திப் பெயர் வாங்கியிருந்தார். நவி மும்பை, பன்வேல் பக்கம் நிலத்தை விற்ற விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள் அந்தப் பணத்தை நெடுஞ்சாலை டான்ஸ் பார்களில் கொட்டுவதாகச் சட்டமன்றத்தில் புகார் எழுந்தது. புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. முதலில் மும்பைக்கு வெளியே தடை என்றார்கள், சில வாரங்களில் மாநிலம் முழுக்க என்றார்கள். சட்டமன்றத்தில் எதிர்ப்பே இல்லை. ஆகஸ்ட் 15ஆம் தேதி, சுதந்திர தினத்தன்று, தடை அமலுக்கு வந்தது. தேதியைத் தேர்ந்தெடுத்தவருக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் குறைவுதான்.

பம்பாய் போலீஸ் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். 33ஏ: உணவகம், பர்மிட் ரூம், பீர் பார் எதிலும் ஆடக் கூடாது. 33பி: மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலுமான ஹோட்டல்களுக்கும் ஜிம்கானா, கிளப்புகளுக்கும் இது பொருந்தாது. ராணுவ மெஸ்ஸுக்கு விலக்குக் கொடுத்த அந்தப் பழைய கை, ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அதே வரியைத் திரும்ப எழுதியதுபோல் இருந்தது. அதே பாட்டு, அதே ஆட்டம். அந்தேரி பர்மிட் ரூமில் அது ஒழுக்கக்கேடு. ஐந்து நட்சத்திர ஹோட்டலில் சுற்றுலா வளர்ச்சி.

வேலை இழந்த பெண்கள் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. அவர்களுடைய சங்கம் 75,000 என்றது. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஆசாத் மைதானத்தில் கூடினார்கள். ஊரில் தாய்க்கும் தம்பிக்கும் ‘மும்பையில் வேலை’ என்று மட்டும் தெரிந்த பெண்கள் டிவி கேமராவுக்கு முன் வேறு எப்படி வருவார்கள்? பெண்ணுரிமை இயக்கங்களும் இரண்டாகப் பிரிந்தன. பெண்ணைக் காட்சிப்பொருளாக்குவதை ஆதரிக்க முடியாது என்றது ஒரு பக்கம். பிழைப்பைப் பறித்துவிட்டு யாருடைய மானத்தைக் காக்கிறீர்கள் என்றது இன்னொரு பக்கம். வழக்கறிஞர் ஃபிளேவியா ஆக்னஸ் இரண்டாவது பக்கம் நின்று நீதிமன்றத்தில் வாதாடினார். எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 500 ஆட்டக்காரப் பெண்களை நேரில் கண்டு பேசி அறிக்கை தயாரித்தார்கள். பெரும்பாலோர் கடத்திவரப்பட்டவர்கள் என்ற அரசின் வாதத்துக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

அதன்பின் நடந்தது பதினான்கு ஆண்டுக் கபடி. 2006 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு போனது, தடை தொடர்ந்தது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் பெண்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஓர் ஆட்டம் வசதியானவர் முன்னால் நாகரிகமாகவும் வசதியில்லாதவர் முன்னால் ஆபாசமாகவும் மாறிவிடும் என்று கருத இடமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தடையால் பல பெண்கள் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதையும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்று நம் ஊரில் சொல்வோமே, ஏறக்குறைய அதையே சட்ட மொழியில் சொன்னார்கள்.

அரசு விடவில்லை. நட்சத்திர ஹோட்டலுக்குத் தந்த விலக்குத்தானே குறை, அதை எடுத்துவிட்டால் போயிற்று என்று 2014 ஜூனில் திருத்தம் கொண்டுவந்து, விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதற்கும் இடைக்காலத் தடை விதித்தது. அதற்குள் பாட்டீல் காலமாகிவிட்டார். ஆட்சி பாரதிய ஜனதா, சிவசேனா கைக்குப் போயிருந்தது. ஆட்சி மாறியும் பிடிவாதம் மாறவில்லை. 2016இல் புதுச் சட்டம் வந்தது. ஆடலாம், ஆனால் ஆடும் இடத்தில் மது கூடாது. பள்ளி, கோயிலில் இருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். உள்ளே சிசிடிவி வேண்டும். மும்பை வரைபடத்தில் கோயிலும் பள்ளியும் மசூதியும் இல்லாத ஒரு கிலோமீட்டர் வேண்டுமென்றால் கடலுக்குள்தான் பார் கட்ட வேண்டும். 2019 ஜனவரி 17 அன்று நீதிபதி ஏ. கே. சிக்ரி தலைமையிலான அமர்வு இவற்றையெல்லாம் நீக்கியது. கட்டுப்பாடு என்ற பெயரில் முழுத் தடை போடக் கூடாது, அரசு தன் ஒழுக்கப் பார்வையைச் சமூகத்தின்மேல் திணிக்க முடியாது என்றது. டிப்ஸ் கையில் கொடுக்கலாம். நோட்டை இறைக்கக் கூடாது.

நீதிமன்றத்தில் ஜெயித்தவர்கள் ஜெயித்த நாளில் மேடையில் இல்லை. 2005இல் 22 வயதில் ஆடியவளுக்கு 2019இல் 36 வயது. சிலர் துபாய்க்குப் போனார்கள், சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், சிலர் சிவப்பு விளக்குப் பகுதியான காமாட்டிபுரா பக்கம் ஒதுங்கினார்கள். பெரும்பகுதி பேர் ‘ஆர்கெஸ்ட்ரா பார்’ என்ற புதுப் போர்டுக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள். ஆடக் கூடாது, பாடலாம் என்பது அதற்கான உரிமம். கையில் ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு பாட்டு ஓட ஓட வாயசைப்பது ஒரு வேலை. ரெய்டு இல்லாத நேரத்தில் மைக்கைக் கீழே வைத்துவிடுவார்கள். மேடையில் நான்கு பெண், நான்கு ஆண் என்று அதற்கும் ஒரு விதி போட்டார்கள். ஆண் பெண் எண்ணிக்கையை அரசு நிர்ணயிக்க முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் அதையும் அடித்தது.

நடுத்தர வர்க்கத்துக்கு இந்தச் சூடு உறைத்தது 2012இல்தான். உதவி போலீஸ் கமிஷனர் வசந்த் தோப்ளே கையில் ஹாக்கி மட்டையோடு பப்களுக்குள் நுழைந்து, கூட்டம் அதிகம், உரிமம் இல்லை என்று பழைய விதிகளைத் தூசி தட்டி எடுத்தார். பேஸ்புக்கில் கொதித்தார்கள், ஆங்கிலப் பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. அதே மும்பைதான் ஏழு வருடம் முன்பு ஆயிரமாயிரம் பெண்கள் ஒரே நாளில் வேலை இழந்தபோது பெரும்பாலும் கைதட்டியது. தோப்ளேயின் மட்டை பாந்த்ராவையும் லோயர் பரேலையும் தொட்டதும் அது ‘தனிமனித சுதந்திரம்’ ஆகிவிட்டது.

மட்டையோடு தலைகளை எண்ணிய அரசு எண்ணத் தவறியது வெளியேறும் வழிகளை. 2017 டிசம்பர் 29, நள்ளிரவு கடந்த நேரம், லோயர் பரேல் கமலா மில்ஸ் வளாகத்து மொட்டைமாடி பப்களில் தீப்பிடித்து 14 பேர் செத்தார்கள். பலர் தப்ப வழி தெரியாமல் கழிப்பறைக்குள் ஒதுங்கி மூச்சுத்திணறிப் போனார்கள். மறுநாள் மாநகராட்சி புல்டோசரோடு புறப்பட்டு நூற்றுக்கணக்கான இடங்களில் சட்டவிரோதக் கட்டுமானங்களை இடித்துத் தள்ளியது. முந்தைய நாள்வரை அவை யார் கண்ணுக்கும் படவில்லையா?

ஏன் படவில்லை என்பதற்கு ஒரு பதில் 2021 மார்ச்சில் ஒரு கடிதத்தில் வந்தது. போலீஸ் கமிஷனர் பதவியில் இருந்து மாற்றப்பட்ட பரம்பீர் சிங் முதல்வருக்கு எழுதியது அது. நகரத்தின் சுமார் 1,750 பார், ரெஸ்டாரண்டுகளிடம் தலைக்கு இரண்டு மூன்று லட்சம் வீதம் மாதம் வசூலிக்குமாறு உள்துறை அமைச்சர் அனில் தேஷ்முக் ஓர் அதிகாரியிடம் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. தேஷ்முக் மறுத்தார், ஆனாலும் பதவி விலகினார், கைதானார், ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தார். குற்றச்சாட்டு மெய்யோ பொய்யோ, அதைக் கேட்ட பார் முதலாளிகளில் ஆச்சரியப்பட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். விதி கடுமையாக ஆக ஆக மாமூலின் விலை ஏறும். 26 நிபந்தனை போட்டால் 26 இடத்தில் கை நீட்டலாம்.

சிவசேனாவின் கதை தனி. 1995 ஆட்சியில் பண்பாட்டு அமைச்சராக இருந்து ஒழுக்கக் காவலராகப் பேர் வாங்கிய பிரமோத் நவல்கர், இரவில் ஊரைச் சுற்றிப் பார்த்து மராத்தியில் பல்லாண்டு பத்தி எழுதியவர். அந்த ஆட்சியில்தான் 1996 நவம்பரில் மைக்கேல் ஜாக்சன் அந்தேரியில் ஆடினார். ஏற்பாடு சிவ் உத்யோக் சேனா, கேளிக்கை வரிக்கும் விலக்கு. 2020 ஜனவரியில் பால் தாக்கரேயின் பேரன் ஆதித்ய தாக்கரே, சுற்றுலா அமைச்சராக, மும்பை 24 மணி நேரமும் விழித்திருக்கும் என்று அறிவித்தார். விழித்திருக்க அனுமதி பெற்றவை மால்களும் மில் வளாகங்களும் நரிமன் பாயின்ட், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் போன்ற இடங்களும். இரண்டு மாதத்தில் கொரோனா வந்து ஊரையே மூடிவிட்டது.

2021 டிசம்பரில் அந்தேரியில் ஒரு பாருக்குள் போலீஸ் நுழைந்தது. பெண்கள் யாரையும் காணோம். மேக்கப் அறையில் சுவர் அளவுக்கு ஒரு கண்ணாடி. சந்தேகப்பட்டு அதை உடைத்தபோது பின்னால் ஒரு ரகசிய அறை. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு 17 பெண்கள். பெண்களின் கண்ணியத்தைப் பாதுகாப்பது 2016 சட்டத்தின் நீண்ட பெயரிலேயே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ராய்கட் மாவட்டத்து டான்ஸ் பார்களைக் கண்டித்து ராஜ் தாக்கரே பேசிய சூட்டில், அவருடைய கட்சிக்காரர்கள் பன்வேலில் ஒரு பாருக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். மைக்கேல் ஜாக்சனை அழைத்துவந்த சிவ் உத்யோக் சேனாவின் தலைவரும் அதே ராஜ் தாக்கரேதான்.

இன்றைய நிலவரம் இது. 2019 தீர்ப்பு பல நிபந்தனைகளை நீக்கினாலும் நேரக் கட்டுப்பாட்டைத் தொடவில்லை. மாலை 6 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இரவு 11.30க்கு நின்றுவிட வேண்டும். ஆட்டமில்லாத பக்கத்து பார் 1.30 வரை திறந்திருக்கலாம்.